மைனஸ் மூன்று பற்றி

காரைக்கால்,
செவ்வாய்க்கிழமை.

அமெச்சூர் ரேடியோ சங்கச் செயலாளர் தம்பி ஜவஹர் அலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். நான் கோபமாக இருக்கிறேன்.

எனக்குக் கண் மங்கி, மைனஸைப் பிளஸ் என்று படித்துவிட்டேன் எனச் சங்கத்தில் பேசிக்கொள்கிறீர்களாம். தவறு. ஞாயிற்றுக்கிழமை நெட்வொர்க் அனலைசர் திரையில் மைனஸ் மூன்று டெசிபெல் என்று இருந்தது. அப்படியேதான் உரக்கப் படித்தேன். அதன் அர்த்தம் யாருக்குத் தெரியவில்லை என்பதே கேள்வி.

படகுகளிலிருந்து மெலிந்து வரும் ரேடியோக் குரலைப் பெருக்க, காரைக்கால்மேட்டு ஆன்டெனாக் கம்பத்துக்காக ஒன்றரை மாதம் உட்கார்ந்து அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைச் செய்தேன். அனலைசர், என் பெட்டிக்குள் ஒரு பக்கம் சிக்னலை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கும். இரவல் வாங்கிய அந்த அனலைசர் பொசுங்கிவிடக் கூடாதே என்று இடையில் ஒரு அட்டெனுவேட்டர் வைக்கச் சொன்னேன். விரல்நுனி அளவுப் பித்தளைத் துண்டு, சிக்னலை நூறில் ஒரு பங்காக்கும், அதாவது இருபது டெசிபெல் குறைக்கும். என் பெட்டி ஐம்பது மடங்கு பெருக்குகிறது, துண்டு நூறில் ஒன்றாக்குகிறது, மிஞ்சுவது பாதி, பாதி என்றால் மைனஸ் மூன்று, துண்டு குறைத்த இருபதைக் கூட்டினால் என் பெட்டியின் பெருக்கம் பதினேழு டெசிபெல். மர்ஹூமான என் கணவர், கூட வாழ்ந்த முப்பத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட என் கூட்டலைச் சந்தேகித்ததில்லை. ஆனால் பாலிடெக்னிக்கில் என்னிடமே படித்த நவநீதன் எல்லோர் முன்னாலும், "டீச்சர், உங்க பெட்டி பாதிய தின்னுட்டு மீதிய தருதுங்க" என்கிறார். "இருபத கூட்டுனியா? அத யாரு கூட்டுவா, ஒன் மாமனாரா?" என்றேன். மாமனார் பின்னால் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. "நான் பி.காம்முங்க, கூட்டிடுவேன்" என்றார் அவர். அதற்கும் சிரித்தீர்கள்.

சிரிக்காதவர் செம்பியன் ஒருவர்தான். போன மாதம் மீன்பிடிப் படகின் எஞ்சின் நின்று, கூப்பிட்ட குரல் கரைக்குக் கேட்காமல் ஒரு பகல் முழுக்கக் கடலில் மிதந்தவர். "கணக்கெல்லாம் நமக்கு எதுக்கு டீச்சரம்மா? கடல்லேருந்து கூப்புட்டா கேக்குமா, கேக்காதா? அத சொல்லுங்க" என்றார். "கேக்கும்" என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

ஆகவே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கடைப் பெட்டி வாங்கும் பேச்சை எடுக்காதீர்கள். சங்கப் பதிவேட்டில் பதினேழு டெசிபெல் என்று எழுதி நவநீதன் கையொப்பமிட வேண்டும். என் கண்ணைப் பற்றிப் பேசியவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் கான்வென்டில் படித்தவள். உட்கார்ந்தபடி கேட்கும் மன்னிப்பு என்னிடம் செல்லாது.

உங்கள் உம்மாவுக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் பரக்கத்தையும் கணக்கறிவையும் தருவானாக.

அமீர் நிஷா

பின்குறிப்பு: அஞ்சல்தலைக்காகக் கைப்பையைத் திறந்தேன். உள்ளே அட்டெனுவேட்டர் இருக்கிறது. அளப்பதற்கு முன், தேநீர் வேளையில், நவநீதன் அதை மேசைமேல் பம்பரம்போல் சுழற்றிக்கொண்டிருந்தார்; வகுப்பில் செய்வதுபோல் பிடுங்கிப் பைக்குள் போட்டிருக்கிறேன். பிறகு திரையைப் பார்த்தேனே தவிர இணைப்பைப் பார்க்கவில்லை. துண்டு இல்லையென்றால் கூட்டுவதற்கு இருபதும் இல்லை. பெட்டி பாதியைத் தின்னத்தான் செய்கிறது. மேலே எழுதியதில் என் கண்ணைப் பற்றிய பத்தி மட்டும் நிற்கட்டும். பெட்டியைக் கம்பத்தில் ஏற்றாதீர்கள். 'கேக்காது' என்று செம்பியனிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். வேறு யாரும் முந்த வேண்டாம். பெட்டியைக் கடிதம் கிடைத்ததுமே அனுப்புங்கள், பழுதைக் கண்டுபிடிக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் மறுபடி அளக்க எந்த நாள், எத்தனை மணி என்று எழுத்தில் பதில் அனுப்பவும்.