மூன்றாவது பிஸ்டன் அழுகிறது

லோயர் ஸ்கேபி கிராமத்து மதுக்கடையின் கார் நிறுத்தத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் தெய்வம் எழுந்தருளியிருந்தது. கறுப்பு நூலில் தொங்கும் ஒரு பழைய ஸ்பார்க் பிளக்தான் தெய்வம். நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் பெரிக்ரின் வேஸி. கம்பளிக் கோட்டு, வெள்ளை மீசை, கணீரென்ற குரல். பூசாரிக்கு வேறென்ன வேண்டும்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் மாதாமாதம் கூடும் இடம் அது. முன்பெல்லாம் வந்ததும் பானெட்டைத் தூக்கிவைத்து, ஒருவர் இன்ஜினை இன்னொருவர் எட்டிப் பார்த்து, "அடடா" என்றுவிட்டு பீர் குடிக்கப் போவார்கள். வேஸி வந்த பிறகு எல்லா பானெட்டும் மூடிக்கொண்டன. திறந்தால் இன்ஜின் கூச்சப்படுமாம். கூச்சத்துக்குப் பேர்போன ஊர் அல்லவா, இன்ஜினுக்கும் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். காரோடு வரிசையும் கட்டினார்கள். வரிசையைக் கண்டால் எதற்கென்று கேட்காமல் கடைசியில் போய் நின்றுகொள்ளும் ஜனங்கள்.

மூடிய பானெட்டின் மேல் பிளக்கைத் தொங்கவிடுவார் வேஸி. வலப்பக்கம் சுற்றினால் இன்ஜின் சுகம். இடப்பக்கம் சுற்றினால் உள்ளே ஏதோ ஒரு பாகம் செத்துவிட்டது. இன்றுவரை ஒரு காருக்கும் அது வலப்பக்கம் சுற்றியதில்லை. மாற்றுப் பாகத்தைத் தன் வேனிலிருந்தே எடுத்துக் கொடுப்பார். இன்ஜின் வாய்விட்டுக் கேட்ட பாகமாம். கழற்றிய அசல் பாகத்தையும் தானே கொண்டுபோவார். செத்தது வீட்டில் கிடந்தால் புதியதையும் கூப்பிட்டுக்கொள்ளுமாம். என்ன கரிசனம்!

டாஃப்னி ஆலர்ட்டனுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, தன் வீட்டுக் கதவைத் தட்டும்வரை. அவள் கணவன் கிளைவின் பச்சைக் காரில் இருக்கும் இன்ஜின், அவனுடைய அப்பா தன் கையாலேயே பூட்டியது. வரும் சனிக்கிழமை அந்தக் காரில்தான் மகள் ரோசலிண்டைக் கல்யாணத்துக்குத் தேவாலயம் அழைத்துப்போக வேண்டும். போன மாதம் அந்தக் காருக்கும் பிளக் இடப்பக்கம் சுற்றிவிட்டது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் செத்துவிட்டதாம். பந்தயக் கார்களுக்குப் போடும் கேம்ஷாஃப்டை இன்ஜின் கேட்கிறதாம். திங்கட்கிழமை வேஸியே வீட்டுக்கு வந்து பிரிப்பதாக ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலை உணவின்போதே சண்டை வந்துவிட்டது.

"நல்லா ஓடுற வண்டி கிளைவ். எதுக்கு அது வயித்தக் கிழிக்கப் பாக்கிற?"

"அப்பா போட்டது செத்துப்போச்சாம் டாஃப்னி. வேஸிக்குத் தெரியாததா?"

"செத்தது எப்படி நேத்து கடைக்குப் போயிட்டு வந்துச்சு? நீ எங்க ஓட்டுற, என்ன வேகத்துல ஓட்டுற, எந்தக் கார்புரேட்டர் இருக்கு, வால்வு ஸ்பிரிங் தாங்குமா... ஒரு கேள்வியாவது கேட்டாரா அந்தாளு? பந்தயக் கேம்ஷாஃப்ட், இன்ஜினை அலறவிட்டாத்தான் இழுக்கும். கல்யாணப் பொண்ண அலறவிட்டுக்கிட்டா கூட்டிட்டுப் போவ?"

"நம்ம கூட்டத்துல கார்டன் மாத்தினானே!"

"மாத்தினான். இப்ப ஒவ்வொரு சிக்னல்லயும் வண்டி நின்னுபோகுது. கேட்டா 'பழகிட்டிருக்கு'ங்கிறான்."

கிளைவ் ரொட்டியில் மார்மலேட் ஜாமைத் தடவிக்கொண்டிருந்தான். அப்பா போட்டது செத்துவிட்டது என்று யார் சொன்னாலும் அவன் அறிவு அந்த இடத்திலேயே அணைந்துவிடும். டாஃப்னிக்குக் கோபம் கோபமாக வந்தது. அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. எழுந்துபோய்த் தோழி பெரிலுக்குத் தொலைபேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை, வரிசை நீண்டிருந்த நேரத்தில், பெரிலின் சிவப்புக் கார் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தது. பெரில் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"பேட்டரி போச்சு, கொஞ்சம் தள்ளிவிடுங்களேன்!" என்றாள் டாஃப்னி.

ஆண்கள் ஓடிவந்தார்கள். முதல் ஆளாகக் கை வைத்த கார்டன் திகைத்துப்போனான். "என்ன டாஃப்னி, பஞ்சு மாதிரி போகுது?"

"பெரில் உடம்பு இளைச்சிருக்கா, பாக்கலையா?"

"மூக்கத் தூக்கிக்கிட்டு வேற நிக்குது."

"சிவப்பு வண்டி இல்லையா, திமிரு."

மேலே கேட்டால் மரியாதையாக இருக்காது என்று கார்டன் வாயை மூடிக்கொண்டான். இந்த மரியாதையை நம்பித்தான் வேஸி கடை விரித்திருந்தார்.

பெரிலின் முறை வந்ததும் பிளக் பானெட்டின் மேல் தொங்கியது. இடப்பக்கம் சுற்றியது, பின்னே! வேஸி கண்ணை மூடி பானெட்டில் காதை வைத்தார்.

"மூணாவது பிஸ்டன் அழுவுது. ரொம்ப நாள் துக்கம். கேம்ஷாஃப்ட் செத்துக் கிடக்குது, பக்கத்துல உக்காந்து அழுவுது."

கிளைவுக்குக் கண் கலங்கியது. டாஃப்னி மட்டும் குழந்தைபோல் கேட்டாள்: "மிஸ்டர் வேஸி, துடிப்பு கேக்குதா?"

"மெல்லிசா கேக்குது."

"அசல் இன்ஜின்தானே?"

"அசலேதான்! என் அம்மா மேல சத்தியம்."

"அப்ப ஒரு தடவ அது மூஞ்சியப் பாத்துடலாம்."

"ஐயோ, திறக்காதீங்க, கூச்சப்படும்!"

அதற்குள் பானெட் மேலே போய்விட்டது. உள்ளே இன்ஜின் இல்லை. அது பெரிலின் கொட்டகையில் பழுதுபார்க்கக் கழற்றிப் போட்டபடி கிடந்தது. சந்து முனைவரை காரைத் தோழிகள் இருவருமே உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இங்கே, காலியான இடத்தில் குறுக்கே ஒரு பலகை. பலகைமேல் ஒரு கூடை, தேநீர்க் குடுவை, ஒரு தட்டு முட்டை சாண்ட்விச்.

டாஃப்னி தட்டை எடுத்து நீட்டினாள். "மூணாவது பிஸ்டன், மிஸ்டர் வேஸி. அழுகையை நிறுத்துங்க."

எல்லோரும் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு சாண்ட்விச்சை எடுத்துக் கடித்து, "நல்லாருக்கு" என்றார். இப்படிப்பட்ட நேரத்தில் வேறென்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"கழட்டிப்போட்ட இன்ஜினோட ஆவி இங்கதான் சுத்துது..." என்று ஆரம்பித்தார் வேஸி.

"அப்ப அந்தக் கூடைக்கு ஒரு கேம்ஷாஃப்ட் போட்டுவிடுங்க. ஓடுதா பாப்போம்."

முதல் சிரிப்பு கிளைவுடையது. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், கார்டனைத் தவிர. அவன் முகம் சிவக்க நேரே வேனுக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தான். எண்ணெய்க் காகிதத்தில் அழகாகச் சுற்றியிருந்த கேம்ஷாஃப்டின் முனையில், அவனே முன்பு அரத்தால் கீறிவைத்த அடையாளம் இருந்தது. மேலே ஒரு சீட்டு: 'அசல். மிக நல்ல நிலை. விற்பனைக்கு.'

"எனக்குச் செத்தது, விக்கிறதுக்கு மட்டும் உயிரோட இருக்கா?" என்றான் கார்டன். இந்தத் தடவை அவன் மரியாதை பார்க்கவில்லை. வேஸியின் சாயம் வெளுத்த வேகத்தில் மீசையும் தொங்கிவிட்டது. அவரவர் அசல் பாகங்களை அவரவர் இறக்கிக்கொண்ட பிறகுதான் வேன் வெளியே போக முடிந்தது.

கிளைவ் தன் பச்சைக் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். அப்பா போட்ட இன்ஜின் சீராகத் துடித்தது. "நீ நல்லாத்தான் இருக்க" என்று அதனிடம் சொன்னான். பிறகு வெட்கத்தோடு டாஃப்னியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை ரோசலிண்ட் ஒரு சிக்னலிலும் நின்றுபோகாத காரில், பாட்டுப் பாடிக்கொண்டே தேவாலயம் போய்ச் சேர்ந்தாள். அந்த பானெட்டின் மேல் எந்தப் பிளக்கும் தொங்கவில்லை.

அடுத்த மாதமே பக்கத்து ஊரில் ஒருவர் காந்தம் வைத்து கார்புரேட்டரின் ஜாதகம் பார்க்கிறாராம்; அங்கேயும் வரிசை நிற்கிறதாம். போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். போகும் முன், கழுத்துக்கு மேலே இருக்கும் பானெட்டை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளட்டும். அங்கேயும் முட்டை சாண்ட்விச் மட்டும் இருந்தால், யார் தள்ளினாலும் வண்டி லேசாகத்தான் உருளும்.