மழை நாளில் படுத்துக்கொண்ட வரைபடம்

எல்லாவற்றையும் எழுதி வைப்பவள் என்று எனக்குப் பெயர். எழுதியதைத் திரும்ப வாசிக்கிறவள் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், பாதைகள், ஓடைகள், இலக்கம் போட்டு மலை என்று நாங்கள் சொல்லும் ரப்பர் பகுதிகள் அனைத்தையும் போனில் பார்க்கும்படி ஒரு வரைபடம் செய்திருந்தேன். அது சரிவந்தால் கம்பனியின் மற்ற ஆறு தோட்டங்களையும் வரையும் வேலை எனக்கு. பிழைத்தால் கொழும்பில் யாருக்கோ. எனக்கு அந்த ஆறும் வேண்டும். (ஆசைதான். வேறென்ன?)

வரைபடத்தை வைத்திருந்து கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்புகிற கணினியைச் சேர்வர் என்கிறார்கள். அதை எங்கே வைப்பது என்று முப்பத்தொரு அம்சத் திட்டம் எழுதினேன். ஆபீசில் அடிக்கடி கரண்ட் போகும், தகரக் கூரை வேறு. இரண்டு மைல் கீழே இருக்கும் ரப்பர் பெக்டரியில் தடித்த சுவர் உண்டு, கரண்ட் போனால் தானாக எழும்பும் ஜெனரேட்டர் உண்டு. போதாதற்கு மூன்று மணித்தியாலம் தாங்கும் பேட்டரியும் வாங்கி வைத்தோம். பல்லி நுழையாமல் வலை அடிப்பது இருபத்தாறாவது அம்சம்.

முதல் வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு நின்றது. பதறியடித்துக்கொண்டு மத்தியானம் பெக்டரிக்குப் போனால், ஒன்றுமே நடக்காததுபோல் பச்சை விளக்கு எரிகிறது. நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே ஒன்பது மணி. எனக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் கூடியது. அது என்ன, கைக்கடிகாரம் கட்டிய நோய்?

டயரியின் வலப்பக்கத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினேன். வரைபடத்தின் பாரம் கூடிவிட்டதோ என்று ஒவ்வொன்றாக நீக்கினேன். பாதைகளை எடுத்தேன், நின்றது. மலை இலக்கங்களை எடுத்தேன்; நின்றது. ஓடைகளை எடுத்தேன். ஒன்பது நாள் மூச்சுவிடாமல் ஓடியது! "குற்றவாளி: ஓடைகள்" என்று எழுதிச் சிவப்புப் பேனையால் இரண்டு கோடும் போட்டு, மற்றவற்றைத் திரும்பச் சேர்த்தேன்.

பத்தாம் நாள் வரைபடத்தைப் பார்க்கக் கம்பனியிலிருந்து ஒரு மேடம் வந்தார். விடியற்காலையிலிருந்தே அடை மழை. ஒன்பது மணிக்குத் தோட்டத்து மேனேஜரான தொரையின் பங்களாவில் திரையை விரித்துக் காட்டினேன். மேடம் ஒவ்வொரு லயமாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிங்களத்தில், இந்தத் தோட்டத்தில் ஓடைகளே இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒன்று, நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதுபோல் இரைந்துகொண்டு ஓடியது. நான் பதில் தேடுவதற்குள் திரை வெள்ளையாகிவிட்டது.

தொரை என்னைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன்.

தொரையின் ஜீப்பில் பெக்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஒரே இருட்டு. அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற ராமையா அண்ணன் வாசலில் குந்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கரண்ட் எங்கே என்று கேட்டேன்.

"மெயின் சுவிச்ச எறக்கிட்டேங்க மிஸ். பால் இல்லாத நாள்ல சும்மா எதுக்கு? ஈரத்துல வயரு வேற. மத்தியானம் பழைய ரப்பர் சீட்ட மெஷின்ல விடுறப்ப ஏத்திருவேன்."

தானாகப் போன கரண்டுக்குத்தான் ஜெனரேட்டர் எழும்பும்; நாமே கையால் இறக்கிய கரண்டுக்கு எழும்பாது. பேட்டரி மட்டும் விசுவாசமாக மூன்று மணித்தியாலம் இழுத்துவிட்டு ஒன்பதுக்கு மூச்சை விடும். (நாமே என்று எழுதிவிட்டேனா? அடுத்துப் பாருங்கள்.)

"ஏண்ணே, இத எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

அவர் மெல்வதை நிறுத்தினார். "என்னங்க மிஸ் இப்படிக் கேக்குறீங்க? மழ நாள்ல ஆறு மணிக்கு நீங்கதானே போன் பண்ணி, இன்னைக்கு வெட்டு இல்லன்னு சொல்றீங்க? நீங்க சொன்னாத்தான் நான் சுவிச்சுல கையே வப்பேன்."

மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது. அதைப் பெக்டரிக்கு அறிவிப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாகத் தவறியதில்லை. ஜீப்பில் திரும்பும்போது டயரியைத் திறந்தேன். சேர்வர் படுத்த ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, இடப்பக்கத்தில், என் அழகான கையெழுத்து: "மழை. வெட்டு இல்லை. 6.05க்கு பெக்டரிக்கு அறிவித்தேன்."

மேடத்திடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, டயரியை வாங்கி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மாதத்தில் சேர்வர் கொழும்புக்குப் போனது. மற்ற ஆறு தோட்டங்களை வரையும் வேலை எனக்கு வந்தது, ஓடைகளோடு வரைய வேண்டும் என்ற எழுத்து மூல அறிவுறுத்தலுடன்.

என் வீட்டுக்காரருக்கு இது இன்னும் அலுக்கவில்லை. வீட்டில் மிக்ஸி நின்றால், குழாயில் தண்ணீர் நின்றால், "யாருக்குப் போன் பண்ணுன?" என்பார். போன மாதம் அவிசாவளை பஸ் நடுவழியில் நின்றது. அவர் திரும்பி, பஸ்ஸுக்கே கேட்கும்படி அதையே கேட்டார்.

நான் போனை எடுத்து அன்றைய அழைப்புகளைப் பார்த்தேன். ஒன்றே ஒன்று, தையல்காரிக்கு. ஆனாலும் முழு நிம்மதி வரவில்லை.