பெருவிரல் பாய் எறிந்த தூரம்

கால் நனையாமல் கடலை ஜெயிக்கப் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஜெகதாப்பட்டினத்தில் இருக்கிறார். பெயர் பெருவிரல் பாய். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம், நான் பார்த்ததில்லை.

திருமயத்தில் பஸ் ஏறி, வேலை கிடைக்கிற இடத்தில் இறங்குவது என்று கிளம்பியவன் நான். ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் எட்டு மாதம் பாளம் உடைத்தேன். சம்பளம் சுமார், படுக்கை சாக்கு, பத்து விரலும் மரத்துப் போகும். மற்றபடி குறை இல்லை. வாசலுக்கு எதிரே கடல். வாசலுக்கும் கடலுக்கும் நடுவே பாய்.

பாய் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, மூன்று மாதம் அக்கரைச் சிறையில் இருந்துவிட்டு வந்தார். வந்த அன்றே அவர் மனைவி மைமூன் அக்கா, இனிமேல் கடலில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டார். கீரமங்கலத்தில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் தன் அண்ணனிடம் வேலைக்கும் சொல்லிவைத்தார்.

"கீரமங்கலம் நல்ல ஊருதான்டா" என்றார் பாய் என்னிடம், அழாத குறையாக. "ஆனா அங்க கெணறுதானடா இருக்கு!"

அக்கா ஒரே ஒரு சலுகை கொடுத்தார். நோன்பு தொடங்குவதற்குள் கரையில் நின்றபடி ஒரு கொடுவா மீன் பிடித்துக் காட்டினால் ஊரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மண்டி.

அங்கே கரையோரம் கணுக்கால் தண்ணீரும் சேறும்தான். கொடுவா கிடப்பதோ, தள்ளி, படகுகள் போய்வரும் வாய்க்காலில். கரையிலிருந்து அவ்வளவு தூரம், இரைக்குப் பதிலாக முள் வைத்த பொய் மீனை எறிய ஒரு சாமான் வேண்டும். துபாயிலிருக்கும் மச்சினன் அனுப்பிய வீடியோவில் பாய் அதைக் கண்டுபிடித்தார். பெயிட்காஸ்டிங் ரீல். கைக்குள் அடங்குகிற, படுத்துக் கிடக்கும் நூல் உருளை.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். தூண்டில் கடையில் ஒவ்வொரு ரீலாக வாங்கிக் காதில் வைத்துச் சுழற்றினார், டாக்டர் நெஞ்சைக் கேட்பது போல.

"இது பஸ்ஸு ஏர் விடுற மாதிரி இருக்கு. வேணாம்."

"அப்ப இது, பாய்?"

"இதுக்கு ஆஸ்துமா."

பதினோராவது ரீலில் கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். "இத எடுத்துட்டுப் போங்க பாய். பன்னெண்டு பேரிங். சுத்திவிட்டா நாளைக்குத்தான் நிக்கும்." பாய்க்கு ஆனந்தம். வாங்கிவிட்டார்.

இந்த வகை ரீலில் எறியும்போது உருளையே சுழன்று நூலை விடும். பொய் மீன் வேகம் குறைந்தாலும் உருளை குறையாது. அப்போது பெருவிரலால் லேசாகத் தடவித் தடுக்க வேண்டும், மீன் தண்ணீரைத் தொட்டதும் அழுத்தி நிறுத்த வேண்டும். பாயோ சின்ன வயதிலிருந்து வீச்சு வலை போட்டவர். வலை வீசுகிறவன் கடைசியில் ஐந்து விரலையும் விரித்துவிடுவான். இல்லையென்றால் வலையோடு அவனும் போவான்.

முதல் வீச்சு. பாய் இடுப்பை வளைத்தார், பிஸ்மில்லா சொன்னார், எறிந்தார், ஐந்து விரலையும் விரித்தார். பொய் மீன், நூல், ரீல், கம்பு எல்லாம் ஒற்றுமையாகக் கடலுக்குப் போயின. நான்தான் இறங்கித் தேடினேன். பாய் சத்தியத்தின் மேல் நின்றுகொண்டு, "அங்கிட்டு... இன்னும் அங்கிட்டு" என்று வழி சொன்னார்.

அதன்பிறகு கம்பை விடவில்லை. பெருவிரலை மட்டும் விட்டார். நூல் தூக்கணாங்குருவிக் கூடாகப் பொங்கும். அரை நாள் சிக்கெடுப்பார். நடுநடுவே அலை வந்தால் பின்னால் துள்ளுவார். அவர் கையை ஓங்கினாலே வலை பின்னுகிறவர்கள் முதல் ஐஸ் வண்டிக்காரர் வரை, "பெருவிரலு!" என்று கத்துவோம். பள்ளிவாசலுக்குப் போகிற பெரியவர்கூட, "பெருவிரலு, மாப்ள" என்று ஞாபகப்படுத்திவிட்டுத்தான் போவார்.

நோன்புக்கு இரண்டு வாரம் இருந்தது. மைமூன் அக்காவே எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குக் கிளம்பினார். எங்களைப் பார்த்ததும் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"தம்பி, இந்த மனுசன் கைய மூட மாட்டாரு" என்றார் அக்கா. "அதுக்குத் தோதா எது இருக்கு?"

கடைக்காரர் வேறொன்றை எடுத்தார். உருளை லேசு, பக்கத்தில் காந்த பிரேக்.

"பேரிங் அஞ்சுதானா? என் சைக்கிள்ல இதவிட ஜாஸ்தி!" என்றார் பாய்.

"சைக்கிள எறிஞ்சு மீன் பிடிங்க" என்றார் அக்கா. பாயின் சட்டைப்பையிலிருந்து பொய் மீனை எடுத்து நூலில் கட்டினார். பிரேக்கின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பொய் மீன் தொப்பென்று விழாமல், மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. உருளையும் அதோடு நின்றது. "இதுதான்." தினமும் பாய்க்குக் கரைக்குச் சோறு கொண்டுவந்தவர், சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

பிரேக்கை முழுசாக வைத்துத் தொடங்கி, நாளுக்கு ஒரு புள்ளி குறைக்க அக்கா அனுமதித்தார். கம்பை மணிக்கட்டோடு கட்ட ஒரு நாடாவும் தைத்துக் கொடுத்தார். பத்தாம் நாள் பொய் மீன் சிக்கில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் விழுந்தது. கரையே விசிலடித்தது.

நோன்புக்கு இரண்டு நாள் முன்பு, பட்டப்பகலில், கொடுவா கடித்தது. தண்ணீருக்கு மேல் அது துள்ளியதைப் பார்த்த சந்தோஷத்தில் பாய் ஐந்து விரலையும் விரித்துவிட்டார். நாடா தாங்கியது. மீன் இழுக்க, பாய் தண்ணீர் விளிம்பு வரை ஓடி, நுனிக்காலில் நின்றார்.

"மைமூனு! சத்தியம்!"

அக்கா சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தார். "கணுக்கால் வரைக்கும் போங்க!"

போனார். மீன் விடவில்லை.

"பத்தலைடி!"

"சரி, முட்டி!"

"மைமூனு!"

"அல்லாவே... இடுப்பு! அதுக்கு மேல ஒரு எட்டு வச்சீங்க, கீரமங்கலந்தான்!"

பாய் சரியாக இடுப்பளவில் நின்றார். நாங்கள் கரையெல்லாம், "பெருவிரலு! பெருவிரலு!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். முதல்முறையாக அந்த விரல் சொன்ன பேச்சைக் கேட்டது. கரையேறிய மீன் ஒரு கை நீளம்.

மண்டிக்கார அண்ணன் போனில் ஆட்சேபித்தாராம்: கரையில் நின்று பிடித்தால்தானே கணக்கு? "நான் வாங்குன சத்தியம், நான் தளத்துனேன். ஒங்களுக்கென்ன?" என்று அக்கா வைத்துவிட்டார்.

அப்புறம் நான் எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். பஸ் ஏதாவது ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது, பாய் எறிந்தால் எதிர்க்கரை எட்டுமா என்று கண்ணால் அளப்பேன். எட்டும் என்றுதான் எப்போதும் தோன்றும். அப்போது என் பெருவிரல் தானாக ஜன்னல் கம்பியை அழுத்திக்கொள்ளும்.