ஒரு வரியில் அடங்காத கமெண்ட்ரி

சிட்லபாக்கம் ஏரியில் கடவுளே இறங்கிக் குளித்திருந்தாலும், கமெண்ட்ரி அதை எங்களுக்குச் சொல்லி முடிக்கும்வரை அவரால் கரையேறியிருக்க முடியாது. தலையில் எத்தனை குடம் ஊற்றினார், துண்டின் கரை என்ன நிறம், எந்தப் படியில் கால் வழுக்கியது, எல்லாம் வந்துவிடும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்குக் கமெண்ட்ரி. கோவிலம்பாக்கத்துக்காரர், என் வயதுதான். கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்களுக்குப் பாடம் தயாரிக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. ஹார்டுவேர் என்றால் என்ன, சாப்ட்வேர் என்றால் என்ன என்று நான் எழுதுவேன். படங்களுக்குப் பின்னால் குறிப்பு எழுதுவது அவர் வேலை. பார்வையில்லாத மாணவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால், திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் அந்தக் குறிப்பைக் காதில் சொல்லும்.

வேலை வாயிலும் ஒட்டிக்கொண்டது. டீ வந்தால், "கிளாஸ்ல முக்கால்தான் கீது மேடம், ஓரத்துல ஆடை, உள்ளாற ஒரு எறும்பு நீச்சல்" என்பார். அதற்குமேல் அந்த டீயை யார் குடிப்பது? ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து இலையை இடமிருந்து வலமாக வர்ணித்து முடித்தபோது பாயசம் தீர்ந்துவிட்டது. ஏன் இப்படி என்று கேட்டால், பழகிடுச்சி என்பார். அவ்வளவுதான் விளக்கம். தன்னைப் பற்றி மட்டும் அவரிடம் வர்ணனை கிடையாது.

மதர்போர்டு படத்துக்கு அவர் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். 'பச்சைப் பலகை. விமானத்திலிருந்து தாம்பரத்தைப் பார்த்தால் இப்படி இருக்கும். நடுவில் சதுரமாக ப்ராசசர், அதன் தலைமேல் காற்றாடி. பக்கத்தில் ரேம் செருக நான்கு பிளாட்பாரங்கள். இரண்டில்தான் ரயில் நிற்கிறது.' இப்படிப் பதினொரு வரி. நானெல்லாம் கவிதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. படித்துவிட்டு என் கவிதை நோட்டை மேசை டிராயரின் அடியில் தள்ளினேன்.

பாடங்களைச் சோதித்து ஒப்புதல் தர ரெபேக்கா மேடம் வந்தார். கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர். பிறவியிலேயே பார்வை இல்லை. அவர் லேப்டாப்பில் அந்த மென்பொருள் பேசுகிற வேகத்தில் எங்கள் காதுக்கு எட்டியதெல்லாம் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அவருக்கோ ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எங்கள் நிறுவனத்தார் அறிமுகப் பக்கத்துக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். எங்கள் முதலாளியும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார்.

"நல்லா இருக்கா மேடம்?"

"நீங்களும் கேளுங்க சார்" என்று அவர் வேகத்தைக் குறைத்தார்.

இயந்திரக் குரல் நிறுத்தி நிதானமாகப் படித்தது. 'நிறுவனர். ஐம்பது வயது இருக்கும், நாற்பத்திரண்டு என்பார். முன்னந்தலையில் முடி இல்லாததால் பின்னந்தலையிலிருந்து வரவழைத்திருக்கிறார். சிரிக்க முயல்கிறார்.'

முதலாளி கை தானாகத் தலைக்குப் போனது.

ரெபேக்கா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு வேறு வேலை வேறு என்றார். "ரேம் எங்க செருகணும்னு இது சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் ஸ்டூடன்ட்ஸுக்கு பீரியடே முடிஞ்சிடும். படத்துக்கு ஒரு வரி போதும்." அவர் சொன்னது முழுக்க நியாயம். முதலாளி கமெண்ட்ரியிடம் திரும்பி, வெள்ளிக்கிழமைக்குள் முந்நூறு படமும் ஒரு வரியாக வேண்டும், இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார்.

நான்கு நாள் இருந்தது. என் நாற்காலியை அவர் மேசைக்கு இழுத்துப் போட்டேன். நான் படிப்பேன்; அவர் கண்ணை மூடிக் கேட்பார்; எதை வெட்டலாம் என்று நான் சொல்வேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பல் பிடுங்குகிற முகம். தாம்பரம் போயிற்று. காற்றாடி போயிற்று. ரயில்கள் இரண்டும் போயின.

"பச்சைய மட்டும் வுட்ருங்க மேடம்" என்றார்.

"பார்க்கவே முடியாதவங்களுக்குப் பச்சை எதுக்கு?"

"அவங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு நடுவுலதான் பார்வ போச்சாம். விசாரிச்சேன். பச்சைன்னா அவங்களுக்குத் தெரியும்."

பச்சையை வெட்டாமல் விட்டேன். அந்த நான்கு நாளில் ஜன்னல் வழியே வெயில் எத்தனை விதமாக எங்கள் மேசைக்கு வந்தது என்பது எனக்குத் தெரியும். அவர் சொல்லித்தான்.

வெள்ளி மாலை கடைசியாக ஒரே படம் மிச்சமிருந்தது, அறிமுகப் பக்கத்தில் என் போட்டோ. "இத நீங்களே சுருக்கிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் டீ குடிக்கக் கீழே போய்விட்டார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

'பாடம் எழுதுபவர். கேமராவைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிறார். கண்ணாடி பாதி மூக்குக்கு இறங்கியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. சிரிக்கவில்லை. சிரிப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். காத்திருக்கலாம்.'

இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவர் படியேறி வரும் சத்தம் கேட்டது. அதைச் சுருக்காமல் ஃபைலை அப்படியே அனுப்பிவிட்டேன். ஒரு படம் தவிர மற்றதெல்லாம் சரி என்று ரெபேக்கா மேடம் ஒப்புதல் தந்தார். கமெண்ட்ரியின் வேலை தப்பியது. எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து திருவனந்தபுரத்தில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. பார்வையில்லாதவர்கள் தமிழ் சினிமா பார்க்க, திரையில் நடப்பதையெல்லாம் காதில் சொல்லும் வேலை. அவருக்கென்றே பிறந்த வேலை. போக வேண்டாம் என்று எந்த நியாயத்தில் சொல்வது? கடைசி நாள் டீ வந்தது. இருவரும் குடித்தோம். கிளாஸில் எவ்வளவு இருந்தது என்று அவர் சொல்லவில்லை.

ஒவ்வொரு கல்லூரிப் பருவம் தொடங்கும்போதும் ரெபேக்கா மேடம் போன் செய்கிறார். "உங்க போட்டோ மட்டும் இன்னும் நீளமாவே இருக்கே, எப்ப சரி பண்றீங்க?"

அடுத்த வாரம் மேடம் என்கிறேன், மூன்று வருடமாக.