மாமாவுக்கு மட்டும் பதவி உயர்வு இல்லை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி, உங்கள் மச்சான் நால்வரும் உடல் நலத்தோடு இருக்கிறோம். மன நலத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் நலமும் வேலையின் நிலவரமும் அறிய ஆவல். ஊருக்கெல்லாம் சிக்னல் கிடைக்கக் கோபுரம் நட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்குச் சிக்னல் கிடைக்காததால், உங்கள் இடத்துக்கு இரும்புச் சாமான் ஏற்றிவரும் லாரி டிரைவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசியிருந்தால் கத்தியிருப்பேன். எழுதுவதால் மரியாதை மிஞ்சியிருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று மகள் இங்கே வந்தபோது, தூசி படக்கூடாதென்று உங்கள் விளையாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். நீங்கள் புறப்படும்போது என்னிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "மாமா, அதுல சேத்து வெச்ச பாயிண்டை மட்டும் யாரும் தொட வேண்டாம், கடைசிச் சண்டைக்கு வேணும்" என்றீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, சரி என்று தலையாட்டினேன். அடுத்தவர் பொருளைத் தொடுகிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அடுத்தவர் பொருளுக்குள் என் பெயர் இருந்தால் அது யாருடைய பொருள்?

போன வாரம் பொழுது போகவில்லை என்று மகள் அந்தப் பெட்டியை டிவியில் மாட்டினாள். செய்தி பார்க்கலாம் என்று உட்கார்ந்த நான் வேறு வழியில்லாமல் அதைப் பார்த்தேன். ஒரு படை வரிசையாக வந்து நின்றது. கையில் துப்பாக்கி, தலைக்கு மேல் பெயர். ஒருவர் தலைக்கு மேல் 'அத்தை' என்று இருந்தது. இன்னொருவர் 'அப்பா'. மூன்றாமவன் 'மச்சான்'. "இது யாரும்மா?" என்று கேட்டேன். "எல்லாம் நம்ம குடும்பம்தான்பா, அவர்தான் பேரு வெச்சாரு. ஆறு கால் மெஷின்லாம் ஊரைப் பிடிச்சிருக்கு, நாம போய் மீட்கணும். நம்ம முறை வரும்போது நாம ஒவ்வொருத்தரா நகர்த்திச் சுடுவோம். முடிச்ச அப்புறம்தான் அவங்க முறை. அதுவரைக்கும் அவங்க அசைய மாட்டாங்க" என்றாள். இந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருந்தது. நம் வீட்டில் சண்டை வந்தால் எல்லோரும் ஒரே முறையில்தான் பேசுகிறோம்.

யாருக்கு என்ன திறமை கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்தேன். உங்கள் அத்தைக்குக் 'காவல் பார்வை'. ஓரிடத்தில் நின்றுகொண்டு, எதிரில் எது அசைந்தாலும் அந்தக் கணமே சுடுவதாம். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வையின் எல்லைக்குள்தான் நான் குடியிருக்கிறேன். மகளுக்கு 'மருத்துவம்'. ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், போகட்டும், உங்கள் மனைவி. என் மகனுக்கு 'இரட்டை ஓட்டம்' கொடுத்திருக்கிறீர்கள், ஒரே முறையில் இரண்டு தடவை ஓடுவானாம். மாப்பிள்ளை, காலிங்பெல் அடித்தால் சோபாவில் படுத்தபடி அம்மாவைக் கூப்பிடுகிறவன் அவன். சம்பந்திக்குக் கனத்த கவசமும் மூன்று நட்சத்திரமும். உங்களைப் பெற்றவர், நான் என்ன சொல்ல. நீங்கள் தலைவர். எல்லாம் சரி. நான் எங்கே என்று கேட்டேன். மகள் பேச்சை மாற்றி, "டீ குடிக்கிறீங்களாப்பா?" என்றாள்.

விடுவேனா? நானே ரிமோட் போன்ற அந்தக் கருவியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். கடைசியில் முகாம் என்று ஒரு படம். அதில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் தொப்பி போட்ட ஒருவர் தனியாக உட்கார்ந்து எதையோ குடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் 'மாமா'. பக்கத்தில் 'ஓய்வு'. ஒரு நட்சத்திரம் கிடையாது, ஒரு திறமை கிடையாது, ஒரு சண்டைக்குக்கூட போனதாகத் தகவல் இல்லை.

மாப்பிள்ளை, நான் பஸ் டிப்போவில் எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று ஒதுக்கும் கண்ட்ரோலராக இருந்தவன். டியூட்டிக்கு வந்துவிட்டு வண்டி கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகம் எனக்குப் பிடிக்காது என்பதற்காகவே எவனையும் தொடர்ந்து உட்கார வைத்ததில்லை. இப்போது வேலையும் முடிந்து வீட்டில் இருக்கிறேன். காலையில் எழுந்தால் யாரையும் எங்கும் அனுப்ப வேண்டியதில்லை, என்னையும் யாரும் எங்கும் அனுப்புவதில்லை. சரி, அது வயசு. விளையாட்டிலுமா? நீங்கள் புதிரான மனுஷர் என்பது தெரியும். போன வருஷம் ஒரு மத்தியானம் காரணமே இல்லாமல் போன் செய்து, "மாமா, நல்லா இருக்கீங்கல்ல? நிஜமாவே நல்லா இருக்கீங்கல்ல?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டீர்கள். ஏதோ உதவி கேட்கப் போகிறீர்கள், தயங்குகிறீர்கள் என்று பயந்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் இப்படி ஒப்புக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஆகவே நிர்வாகத்தை நானே ஏற்றுக்கொண்டேன். நீங்கள் சேர்த்து வைத்த பாயிண்டுகள் அங்கே குவிந்து கிடந்தன. ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் இரண்டு திறமைகளைக் காட்டி, இதுவா அதுவா என்று கேட்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றது அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் கிடையாது. மகள் சொல்லிப் பார்த்தாள். "அப்பா, பலமா அடிக்கிறதைவிடக் குறி தப்பாம அடிக்கிறது முக்கியம். வேகமா ஓடுறவங்களுக்குத்தான் முதல்ல குடுக்கணும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுத்தா ஒருத்தரும் உருப்பட மாட்டாங்க" என்றாள். தலைவர் என்று உங்களுக்கும் ஒரு கேள்வி காத்திருந்தது: 'கூர்ந்த குறி'யா, 'பிடிமான'மா? பிடிமானம் இருந்தால் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாதாம். "அதை உலகத்துல யாரும் எடுக்க மாட்டாங்கப்பா, வேஸ்ட்டு" என்றாள் மகள். உங்கள் மேல் இருந்த கோபத்தில் உங்களுக்கு எதுவும் தரவில்லை. மற்றவர்களுக்குப் பதவி உயர்வு எப்படிக் கொடுப்பது என்று ஒரு கண்ட்ரோலருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சீனியாரிட்டிப்படிதான்.

சீனியாரிட்டி என்றால் முதலில் சம்பந்தி. அவரைக் கேட்காமல் அவருக்கு எதையாவது கொடுத்துவிட்டு, நாளைக்கு ஒரு பேச்சு வந்தால்? போன் போட்டேன். "சம்பந்தி, உங்களுக்கு இன்னும் கனமான கவசம் வேணுமா, இல்ல குண்டைத் தூரமா எறியிற பலம் வேணுமா?" என்றேன். அவர் வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "எதுக்கு சம்பந்தி சிரமம், உங்க இஷ்டம்" என்றார். மனுஷர் எதற்கும் இதையேதான் சொல்வார். பின்னாலிருந்து சம்பந்தி அம்மாள் குரல் கேட்டது. "யாருக்கு என்ன குடுக்கிறாங்க? நமக்கு எதுவும் இல்லையாமா?" அப்போதுதான் பார்த்தேன், சம்பந்தி அம்மாளை நீங்கள் படையிலேயே சேர்க்கவில்லை. பெற்ற தாயை மறந்துவிட்டு மாமியாருக்குக் காவல் பார்வை கொடுத்திருக்கிறீர்கள். என் தலையில் அல்லவா விடியும்? உடனே புதிதாக ஓர் ஆளைச் சேர்த்து, 'அம்மா' என்று பெயர் வைத்து, அவர் கேட்டபடியே தொலைதூரத் துப்பாக்கியும் இரண்டு திறமைகளும் கொடுத்தேன். இதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அத்தை வெளியே வந்தாள். "நேத்து வந்தவங்களுக்கு ரெண்டு, இத்தனை நாள் நின்னு சுட்டவளுக்கு ஒண்ணா?" என்றாள். அவளுக்கும் கொடுத்தேன். தன் அம்மாவுக்குக் கொடுத்ததைப் பார்த்து மகனும் சோபாவிலிருந்தே கை நீட்டினான். அவனுக்கும் கொடுத்தேன். குடும்பத்தில் யாருக்கும் மனக்குறை இல்லை. பாயிண்டும் இல்லை.

அடுத்த சண்டையை நடத்தினேன். சம்பந்தியை முன்னால் நிறுத்த மனசு வரவில்லை, கவசத்தோடு அவரைக் கடைசியில் ஒரு சுவருக்குப் பின்னால் மரியாதையாக வைத்தேன். உங்கள் அத்தை ஒரு மெஷினைச் சுடப் போனாள். படும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று எழுதியிருந்தது. படவில்லை. இந்தக் கணக்கைப் போட்டவன் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். டிப்போவில் நான் அப்படிக் கணக்குக் கொடுத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த மெஷின் திரும்பி, புதிதாக வந்த சம்பந்தி அம்மாளை அடித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, முகாம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. இதைச் சம்பந்தியிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, என் மகன் என்று சந்தேகம். அன்றிலிருந்து சம்பந்தி அம்மாள் காலையும் மாலையும் போன் செய்து, "இப்ப நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்கிறார். நானும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆள் குறைந்துவிட்டதால் என்னையே களத்தில் இறக்குவது என்று முடிவு செய்தேன். என் பெயரின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, யாரை வேணா அனுப்புங்க. உங்களை மட்டும் வேண்டாம்." ஏன் என்று கேட்டால், "அவர் வந்து சொல்லுவார்" என்கிறாள். பெற்ற மகளும் உங்கள் கட்சி. அப்படி என்ன நான் உதவாக்கரையாகிவிட்டேன்?

ஆகவே கேட்கிறேன், மாப்பிள்ளை. கடைசிச் சண்டையில் எனக்கு இடம் வேண்டும். ஒரு நட்சத்திரமாவது வேண்டும். இரண்டும் முடியாதென்றால் அந்த நாற்காலியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். சும்மா உட்கார எனக்கு வீட்டிலேயே நாற்காலி இருக்கிறது.

கோபுரத்தின் உச்சியில் நின்று எடுத்து, டவுனுக்கு வந்தபோது நீங்கள் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து உங்கள் அத்தைக்குத் தலை சுற்றிவிட்டது. இனி அப்படி அனுப்ப வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடவும். நீண்ட ஆயுளோடும் குறையாத செல்வத்தோடும் நீங்களும் மகளும் வாழ, கோபத்தோடு வாழ்த்தும்,

உங்கள் மாமனார்
(முகாம்)

பின்குறிப்பு: உறை தேடி எடுத்துவந்த மகள் இதைப் படித்துவிட்டாள். சிரித்தாள், பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இதற்கு முன்னால் ஒரு தடவை இதே விளையாட்டை ஆடியபோது நீங்கள் முதன்முதலாகச் சேர்த்த ஆள் நான்தானாம். எல்லா நட்சத்திரமும் எனக்குத்தானாம். "ஒரு பாலத்துல எல்லாரும் தாண்டுற வரைக்கும் உங்களைக் கடைசியா காவலுக்கு நிறுத்தினாருப்பா. மாமா இருந்தா பயமில்லைன்னாரு. எல்லாரும் தாண்டிட்டோம், நீங்க மட்டும் வரலை. இந்த விளையாட்டுல செத்தவங்க திரும்பி வர மாட்டாங்க. அவர் அப்படியே எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து ஆரம்பிச்சாரு. அன்னிக்கி மத்தியானம்தான் உங்களுக்கு போன் பண்ணாரு" என்றாள்.

அடுப்பில் பால் எதுவும் இருக்கவில்லை, மாப்பிள்ளை.

மேலே எழுதியவை அனைத்தும் ரத்து. திரும்ப எழுத நேரமில்லை, லாரி வாசலில் நிற்கிறது. முகாமில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்ததால் உங்களையும் அங்கே மாற்றிவிட்டேன். கடைசிச் சண்டைக்குச் சம்பந்தி அம்மாள் தலைமை தாங்குவார். குணமாகிவிட்டார், போனில் கேட்டேன், சம்மதம். பாயிண்ட் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். எனக்கென்று ஒன்றை யாருக்கும் சொல்லாமல் ஒதுக்கி வைத்திருந்தேன். அதை உங்களுக்குப் போட்டு, பிடிமானம் எடுத்துவிட்டேன். "முகாம்ல உக்காந்திருக்கிறவருக்கு அது எதுக்குப்பா?" என்றாள் மகள். நாற்காலியிலிருந்து விழலாம் என்றேன்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். கோபுரத்தில் ஏறுமுன் இடுப்புக் கயிற்றை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.