சேர் ஏறினால் ஏசி நின்றுவிடும்

“டெனிஸ்ரன், இது ஏசியோ, குசினிப் புகைக்கூடோ?”

கடலைக் கடக்கும் புங்குடுதீவுத் தாம்போதியின் நடுவில், காரின் மூடிய கண்ணாடிகளுக்குள் இருந்து உப அதிபர் அம்பலவாணர் கேட்டார். அவருடைய திருநீறு வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்துவிட்டது.

டெனிஸ்ரன் காற்று வருகிற ஓட்டைக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தான். மாடு மூச்சு விடுவது போல வெக்கையாக வந்தது. காலையில் ஊர்காவற்றுறையிலிருந்து வெறுங்காராக வரும்போது விரல் விறைக்கக் குளிர்ந்த அதே ஓட்டைதான்.

“கண்ணாடியை இறக்குங்கோ சேர். வேறை வழியில்லை.”

நாலு கண்ணாடியும் இறங்கின. இரண்டு பக்கக் கடலும் காருக்குள் வந்தது போல் காற்று இரைந்தது. அம்பலவாணர் தன்னுடைய பதவியுயர்வு பிந்திய கதையை விட்ட இடத்திலிருந்து பிடித்தார், இரண்டு மடங்கு சத்தமாக.

“அப்ப அந்தக் கிளாக்கர்... என்ரை பைலை... அலுமாரிக்குப் பின்னாலை...”

மிச்சத்தைக் காற்றுக் கொண்டுபோனது. பின் ஆசனத்தில் இராசேஸ்வரி ரீச்சரும் தாரிகா ரீச்சரும் சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு, வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் தலையாட்டினார்கள்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது அம்பலவாணர் கம்மிய குரலில் தீர்ப்புச் சொன்னார்.

“வெள்ளிக்கிழமைக்கிடையிலை சரிக்கட்டும். இல்லாட்டித் திங்கள் தொடக்கம் எங்களுக்கு ஏசி வான் வருது. ரவுணிலை ஆளோடை கதைச்சுப்போட்டன்.”

டெனிஸ்ரன் பதினெட்டு வருடம் வலை இழுத்தவன். முள்ளந்தண்டில் இரண்டு எலும்பு இடம் மாறியபின், படகை விற்று இந்தக் காரை வாங்கினான். கார் தாரிகா ரீச்சரைவிட வயதில் மூத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்குப் படிப்பிக்கப் போய்வரும் இந்த மூன்று பேரும்தான் அவனுடைய நிரந்தர ஓட்டம். வான் வந்தால் அவன் இன்னொருவனுடைய படகில் கூலிக்கு ஏற வேண்டும். அதற்கு முள்ளந்தண்டு சம்மதிக்காது.

அன்று பின்னேரம் வேலணையில் சசிகரனின் கராச்சுக்குப் போனான். சசிகரன் ஏசியைப் போட்டான். பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்தது போல் காற்று வந்தது.

“இதிலை என்ன பிழை அண்ணை?”

“தாம்போதியிலை வேலை செய்யேல்லையடா.”

“இஞ்சை செய்யுதுதானே?”

“நான் சேரை உன்ரை கராச்சுக்கோ படிப்பிக்கக் கூட்டிவாறது?”

சசிகரன் யோசித்தான். பிழை தெரியாத இடத்தில் காஸ் அடிப்பது அவன் வழக்கம். அடித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, அம்பலவாணர் வீட்டு வாசலுக்கு வரும்வரைக்கும் கார் குளிர்ந்தது. வழக்கம்போல டெனிஸ்ரன் உள்ளே போய், சேர் திருத்திய கொப்பிக் கட்டுகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தான். பின்னேரம் திருப்பி உள்ளே கொண்டுபோய் வைப்பதும் அவன்தான். பாரம் தூக்கக்கூடாது என்று டாக்குத்தர் சொன்னது வலைக்குத்தான், கொப்பிக்கு அல்ல என்பது அம்பலவாணரின் கருத்து. சேரின் மனைவி சீதேவி கேற்றைத் திறந்துவிட்டுக் காருக்குப் பக்கத்தில் நின்றார்.

“பிழை பிடிபட்டுதோ தம்பி?”

“இண்டைக்கு ஐஸ் அக்கா.”

பண்ணைப் பாலம் ஏறும்போதே வெக்கை அடித்தது.

மத்தியானம் பள்ளிக்கூட வேப்பமரத்தின் கீழ் நின்று சசிகரனுக்குப் போன் எடுத்தான்.

“பியூஸ் எல்லாம் இருக்கோ அண்ணை?”

“வரிசையா இருக்கு.”

“அப்ப உப்புத்தான். முன்னுக்கு நிக்கிற தட்டிலை உப்புப் பிடிச்சிருக்கும்.”

உப்பு என்றால் டெனிஸ்ரனுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடலால் வந்த எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவுவது அவன் கைப்பழக்கம். பள்ளிக்கூடத் தாங்கியிலிருந்து எட்டு வாளித் தண்ணீர் அள்ளி, பொனற்றைத் திறந்து, தலையில் ஊற்றிக் குளிப்பாட்டினான். பின்னேரம் கார் ஸ்ராட் வரவில்லை.

“தள்ளத்தான் வேணும்” என்றான்.

“நான் ஸ்ரேறிங்கைப் பிடிக்கிறன்” என்று அம்பலவாணர் உடனே ஏறி இருந்தார்.

இரண்டு ரீச்சர்மாரும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினார்கள். தள்ளும்போதும் சேர் தலையை வெளியே நீட்டி, அந்தக் கிளாக்கர் அதற்குப் பிறகு வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனதைச் சொல்லிக்கொண்டு வந்தார். கார் பத்தாவது தள்ளில் இருமி, கரும்புகையை இராசேஸ்வரி ரீச்சரின் முகத்தில் விட்டுவிட்டுப் புறப்பட்டது.

“ஏசி இல்லாட்டிப் பறவாயில்லைத் தம்பி” என்றார் அவர், முகத்தைத் துடைத்தபடி. “காத்து வருகுதுதானே. ஏன் சும்மா கிண்டுறீர்?”

அவர் தன்மேல் இரக்கப்படுகிறார் என்று டெனிஸ்ரனுக்குக் கண் கலங்கியது. அன்றிரவே சசிகரனைக் கொண்டு ஈரம் காய வைத்து, றிலேயை மாற்றி, இன்னொருமுறை காஸும் அடிப்பித்தான்.

புதன்கிழமை அம்பலவாணர் வீட்டைத் தானே பூட்டிக்கொண்டு வந்து ஏறினார். சீதேவி தங்கச்சியைப் பார்க்கச் சாவகச்சேரிக்குப் போய்விட்டாராம். அன்று ஏசி வேலை செய்தது. பண்ணையில் குளிர்ந்தது, வேலணையில் குளிர்ந்தது, தாம்போதியில் தாரிகா ரீச்சர் போர்த்துக்கொண்டார். கண்ணாடி எல்லாம் மூடி, ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதி. அந்த அமைதியில் அம்பலவாணர் பதவியுயர்வுக் கதையை முதலிலிருந்து தொடங்கி, கடிதங்களின் திகதியோடு, போகும்போது பாதியும் வரும்போது மீதியும் சொல்லி முடித்தார். தொண்டை கொஞ்சமும் கம்மவில்லை.

டெனிஸ்ரன் ஒரு சொல்லும் கேட்கவில்லை. குளிரைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான்.

“எப்பிடி ரீச்சர்?” என்று இறங்கும்போது பெருமையாகக் கேட்டான்.

“தலையிடிக்குது அண்ணை” என்றார் தாரிகா ரீச்சர்.

வியாழன் காலை சீதேவி கேற்றைத் திறந்துவிட்டார். டெனிஸ்ரன் கொப்பிகளைத் தூக்கி வந்தான். சேர் ஏறினார். வெக்கை.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று வெளித்தது. வெறுங்காரில் குளிர். கராச்சில் குளிர். சேர் முன் ஆசனத்தில் இருந்தால் வெக்கை. பாரம்! ஆள் நல்ல உடம்புக்காரர். ஆசனம் தாழ்ந்து கீழே ஏதோ வயரை அமத்துகிறது. புதன்கிழமை வீட்டில் சமையல் இல்லாததால் சேர் கொஞ்சம் லேசாக இருந்திருக்கிறார்.

பின்னேரம் வீட்டுக்குப் போனதும் மனைவி பிரேமினியைக் கூப்பிட்டான்.

“வாரும், தாம்போதிமட்டும் ஒரு சுத்துப் போட்டு வருவம்.”

கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு அழைப்பு வந்ததில்லை. பிரேமினி தலை இழுத்து, பவுடர் போட்டு, நல்ல சட்டையோடு முன் ஆசனத்தில் ஏறினாள். கார் குளிர்ந்தது. பாலத்தடியில் டெனிஸ்ரன் நிறுத்தி, பழைய வலையின் ஈயக்குண்டு நிறைந்த உரப்பை ஒன்றைப் பின்னாலிருந்து தூக்கி அவள் மடியில் வைத்தான்.

“என்னப்பா இது?”

“சேரின்ரை பாரத்துக்குக் கொஞ்சம் காணாது. பொத்திக்கொண்டு இரும்.”

கார் இன்னும் குளிர்ந்தது. பிரேமினி உரப்பையைக் கால்மிதியில் தள்ளிவிட்டு இறங்கி, பஸ்ஸுக்கு நடந்தாள். அன்றிரவு முழுக்க அவனோடு கதைக்கவில்லை.

இருந்தாலும் வெள்ளிக்கிழமை டெனிஸ்ரன் விடவில்லை.

“சேர், இண்டைக்குப் பின்னுக்கு நடுவிலை இருங்கோ. பாரம் சமமாப் போனால் ஏசி வேலை செய்யும்.”

“என்ரை பாரத்துக்கும் ஏசிக்கும் என்னடாப்பா சம்பந்தம்?” என்று கேட்டாலும் அம்பலவாணர் ஏறினார். தாரிகா ரீச்சர் முன்னுக்குப் பாய்ந்து ஏறியதால், பின்னால் இராசேஸ்வரி ரீச்சர் தனியே அகப்பட்டார்.

ஏசி வேலை செய்யவில்லை. பின் கண்ணாடிகள் பழைய காருக்குரிய முறையில் பாதிதான் இறங்கின. முன்னுக்கு இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று சேர் இரண்டு ஆசனத்துக்கும் நடுவே தலையை நீட்டி, போகும்போது ஒரு மணித்தியாலம், வரும்போது ஒரு மணித்தியாலம், காற்றோடு மல்லுக்கட்டிக் கத்தினார். வீட்டு வாசலில் இறங்கி டெனிஸ்ரனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தபோது, ஒரு சத்தமும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. கையை இரண்டு தரம் வெட்டிக் காட்டினார். வான் என்றுதான் அர்த்தம். தொண்டையைப் பிடித்தபடி உள்ளே போய்விட்டார்.

டெனிஸ்ரன் கொப்பிக் கட்டுகளைக் கடைசித் தடவையாக உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்தான். திரும்பி வந்தபோது முள்ளந்தண்டு குத்தியது. திங்கட்கிழமை அந்தோனியின் படகில் ஆள் தேவையா என்று கேட்க வேண்டும். கேற்றடியில், காரின் அருகே சீதேவி நின்றார்.

“அப்ப வாறன் அக்கா. இனி இந்தப் பக்கம் வரத் தேவையிருக்காது.”

“ஏன்? திங்கக்கிழமை ஆறரைக்கு வாரும்.”

“சேர் வானுக்குச் சொல்லிப்போட்டாராம்.”

“அந்த வான்காரனுக்கு நான் மத்தியானமே போன் எடுத்து வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.”

“இந்த வெக்கைக் காரை வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு அக்கா சேரை ஏத்திறது?”

சீதேவி வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு காரின் கதவை மெல்லச் சாத்தினார்.

“அந்த வானுக்குள்ளை எந்த இடத்திலை காலமை எரிஞ்ச பியூசைப் போட்டுப் பின்னேரம் நல்லதை மாத்திறதெண்டு எனக்குத் தெரியாது தம்பி, உம்மடை காருக்குத்தான் மகன் கனடாவிலையிருந்து வட்ஸ்அப்பிலை காட்டித் தந்தவன், இந்த மனிசன் காத்தோடை கத்தித் தொண்டை அடைச்சு வந்தால்தானே நான் வீட்டிலை நிம்மதியா இருக்கலாம்.”