ஜமுக்காளம் போர்த்திய சோலார்

திருநின்றவூரில் சூரியனையே வீட்டு வேலைக்கு வைத்த முதல் மனிதர் எங்கள் ஹவுஸ் ஓனர்தான். அவருக்குப் பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவுக்கு அவர் சோலார் அண்ணாத்தே. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரே கலர் டிவிக்கு ஏங்கிக்கொண்டிருந்தபோது, கைக்கு வந்த பணத்தில் பன்னிரண்டாயிரத்தை எடுத்து ஒரு சோலார் தகடு, ஒரு பேட்டரி, ஒரு டியூப் லைட் வாங்கினார். தகட்டை மொட்டைமாடியில் பூட்டினார்.

"இனிமே கரண்டு பில்லு பாதிதான் நைனா. சூரியன் இன்னா ரீடிங் எடுக்க வரப்போவுதா?"

நான் அவர் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். கரண்டும் சேர்த்துத்தான் வாடகை. எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரி நான் என்பதால், போட்ட காசு எப்போது திரும்பும் என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அசட்டு நேர்மையோடு இரண்டு பக்கம் போட்டுப் பார்த்தேன்.

"மாசம் எட்டு ரூபா மிச்சம் அண்ணாத்தே. நூத்தி இருபத்தஞ்சு வருஷத்துல வந்துடும்."

"வந்துடும்ல?"

"வந்துடும்."

"அத்த மட்டும் சொல்லு. வருஷத்த எதுக்குச் சொல்ற?"

ஆனால் அந்த லைட் அரைமணி நேரம்கூட எரியவில்லை. ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிய தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அண்ணாத்தேயின் மனைவி மேரியக்கா இடுப்பில் கை வைத்தார்.

"இந்தா பாரு, அடுத்த ரீடிங்லயும் கொறையலன்னா பூந்தமல்லி பழைய சாமான் ஏவாரி வந்து இந்தத் தகட்டத் தூக்கினு போவான். சொல்லி வெச்சிட்டேன்."

அன்று அண்ணாத்தே சாப்பிடவில்லை. அதாவது, மூன்றாவது தோசையோடு நிறுத்திக்கொண்டார்.

மறுவாரம் ஒரு மத்தியானம் காயப்போட்ட சட்டையை எடுக்க மாடிக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சோலார் தகடு ஜமுக்காளம் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்குப் பறக்காமலிருக்க நான்கு செங்கல். உள்ளே, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையும் அப்படியே.

"இன்னா அண்ணாத்தே இது?"

"உச்சி வெயில் நைனா. பன்னெண்டாயிரம் ரூபா சாமான். கறுத்துடாது?"

"அது கறுப்புதான் அண்ணாத்தே. வெயில் பட்டாத்தான் கரண்டு."

"படுதே. காத்தால ஏழுலருந்து எட்டு வரைக்கும் தெறந்துதான் வெக்கிறேன். எளவெயில் ஒடம்புக்கும் நல்லது."

டிவிக்கு உறை, ஃபிரிட்ஜுக்கு உறை, ரேடியோவுக்குச் சட்டை என்று போட்டு வைத்த காலம் அது. சாமான் வைத்துப் பிழைக்கத் தெரியாதவன் என்பதுபோல் என்னைப் பார்த்தார். கெஞ்சியதில் பத்து மணி வரை திறந்துவைக்கச் சம்மதித்தார். பிளாஸ்டிக் உறை விஷயத்தில் மட்டும் மசியவில்லை.

அடுத்த ரீடிங் வந்தது. முப்பது ரூபாய் குறைந்திருந்தது.

அண்ணாத்தே அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடை, சலூன், பால் பூத் என்று ஊர்வலம் போனார். "பாத்தியா மச்சான்? எளவெயில்லயே இவ்ளோன்னா யோசிச்சுக்கோ."

எனக்குக் கணக்கு உதைத்தது. நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் அந்தத் தகட்டால் இரண்டு மாதத்துக்குப் பதினாறு ரூபாய்தான் முடியும். வாடகை கொடுக்கச் சமையலறைப் பக்கம் போனேன். மேரியக்கா அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் பரணில் இருந்தன.

"இன்னாக்கா, மிக்ஸி ரிப்பேரா?"

"அதெல்லாம் நல்லாத்தான் கீது. அந்தத் தகட்ட வித்துட்டா அந்த மனுஷன் எத்தப் பாத்துகினு ஒக்காருவாரு? காத்தால அத்தத் தொடச்சாத்தான் அவருக்குக் காப்பியே எறங்குது." குரலைத் தாழ்த்தினார். "ஆமா, நீ ஏன் சாயங்காலமானா ஸ்டேஷன் பிளாட்பாரத்துல போய்ப் படிக்கிற? உன் ரூம்ல பல்பு எரிஞ்சே ரெண்டு மாசம் ஆவுது."

நான் வாடகைப் பணத்தை அம்மியோரம் வைத்தேன்.

"வாயத் தொறக்காத," என்றார் அக்கா. "நானும் தொறக்கல."

அந்த மாதமே எனக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்தது. கம்பெனிக்கு எதிரிலேயே ஓர் அறை காலியாக இருந்தது, வாடகையும் குறைவு. நான் போகவில்லை. அடுத்த ரீடிங்குக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.